முடிஞ்ச பெறகுதான் டீக்காசு

போன ஞாயிற்றுக்கிழமை சமைக்க அலுப்பாக இருந்தது. மகன் போனில் பிரியாணி சொன்னான். சொல்லி முடிக்கும் முன்பே, கொண்டுவந்து தருகிறவருக்கு டிப்ஸ் எவ்வளவு என்று அந்தப் போன் கேட்கிறது. இருபதா, முப்பதா, ஐம்பதா என்று கட்டம் கட்டி வேறு வைத்திருக்கிறார்கள். பிரியாணி இன்னும் அண்டாவை விட்டே இறங்கவில்லை. அந்த ஆள் வண்டியையே எடுக்கவில்லை. அதற்குள் இனாம்! பையன் யோசிக்காமல் ஒரு கட்டத்தைத் தட்டினான். என் மதினி பக்கத்தில் இருந்திருந்தால் போனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்திருப்பார். "வரட்டும்லே. சோறு சூடா இருக்கா, கொழம்பு சிந்தாம இருக்கானு பாத்துட்டுக் குடு. அதுக்குள்ள என்ன அவசரம் ஒனக்கு?" என்று ஓர் அதட்டலும் விழுந்திருக்கும்.

மதினி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. அண்ணன் காலத்துக்குப் பிறகு கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். பார்த்து நாளாகிறது. அவர்கள் வீடு சிவகாசியில் இருந்தது. நான் விருதுநகரில் டீச்சர். கல்யாணமாகி வந்த நாள் முதல் ஞாயிற்றுக்கிழமை என்றால் திருத்தங்கல் வழி பஸ் ஏறி அந்த வீட்டில் போய் இறங்கியவள். ஆகவே இதை வெறும் நாத்தனார் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். குறை சொல்லத்தான் போகிறேன். ஆனால் குறையை மட்டும் சொல்லப் போவதில்லை.

மதினி கஞ்சம் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் கை தாராளம் என்றால் அவர் கைதான். எவ்வளவு கொடுப்பது என்பதில் அவருக்குச் சிக்கலே கிடையாது. எப்போது கொடுப்பது என்பதில்தான் அப்படி ஒரு பிடிவாதம். வேலை முடிய வேண்டும். அதுவும் அவர் கண்ணுக்கு முடிய வேண்டும். அதுவரை கை பர்ஸுக்குள்ளேயே இருக்கும், வெளியே வராது.

ஓட்டலுக்குப் போனால் நாங்கள் சாப்பிட்டு, கை கழுவி, பில் கட்டி, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்போம். மதினி உள்ளேயே உட்கார்ந்திருப்பார். சப்ளையர் எங்கள் இலையை எடுத்து, மேசையைத் துடைத்து, அடுத்த ஆளுக்கு இலை போடுகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுத்துவிட்டு வருவார். கேஸ் சிலிண்டர்காரர் சிலிண்டரை மாட்டிவிட்டு வாசலில் நின்று தலையைச் சொறிவார். மதினி உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, நீலமாக எரிகிறதா என்று குனிந்து பார்த்து, பாலையும் ஏற்றி வைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். கொடுக்கிற காசைப் பார்த்தால் அந்த ஆளுக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். காத்திருக்கிற நமக்குத்தான் உயிர் போகும்.

அண்ணன் நேர் எதிர். பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிற சின்ன யூனிட் வைத்திருந்தார். எம். புதுப்பட்டி, தாயில்பட்டி என்று சீசன் நேரத்தில் லோடு போய்க்கொண்டே இருக்கும். லோடுமேன்கள் வந்து நின்றதுமே சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். "மொதல்ல டீயக் குடிச்சிட்டு வாங்கப்பா." அப்படிக் கொடுத்தால்தான் பெட்டி மூலை மடங்காமல் வண்டியில் ஏறும் என்பது அவர் கணக்கு.

"முன்னால குடுத்தாத்தான் மனசோட செய்வான்" என்பார் அண்ணன்.

"முன்னால குடுத்தா மனசு காசுல கெடக்கும். வேலைல எப்பிடி இருக்கும்? மாரியாத்தாளுக்கே நாம முடிஞ்ச பெறகுதான குடுக்கோம்? காரியம் நடந்த பெறகுதான இருக்கன்குடிக்கு நேத்திக்கடன் செலுத்தப் போறோம்? சாமிக்கு ஒரு ஞாயம், சப்ளையருக்கு ஒரு ஞாயமா?"

"சாமி டீ குடிக்கப் போகாது. சப்ளையர் போவான்ல."

இந்தச் சண்டையை நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு பேருக்கும் சலிக்கவே சலிக்காது. எனக்குத்தான் சலித்துப்போகும்.

இப்போது போனில் பிரியாணி சொல்கிறானே, அவனுக்கு முதல் மொட்டை போட்ட அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். சாத்தூருக்குத் தெற்கே எங்கள் குலசாமி கோயில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டை போட வேண்டும். அண்ணன் புது வேட்டி கட்டி, பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மொட்டை போடுகிறவர் பாதித் தலையை வழித்ததும் கத்தியைக் கல்லில் வைத்துவிட்டார். "அண்ணாச்சி, புள்ள பேருக்கு ஏதாச்சும் சந்தோஷமாப் போடுங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அண்ணன் கை உடனே சட்டைப்பைக்குப் போனது.

"கைய எடுங்க" என்றார் மதினி.

"ஏளா, புள்ள அழுகுதுளா!"

"அழட்டும். பாதித் தலைக்கு யாராச்சும் சந்தோஷம் குடுப்பாகளா? முழுசாச் செரைக்கட்டும், நான் குடுக்கேன்."

மொட்டை போடுகிறவரும் வீம்புக்காரர். கத்தியைத் தொடவில்லை. பொங்கல் வைக்க வந்தவர்கள் எல்லாம் அடுப்பை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் முடியோடு என் பிள்ளை கத்துகிறான். பெற்ற வயிறு எப்படி இருக்கும்? "மதினி, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், குடுத்துத் தொலைங்க" என்று நானே கெஞ்சினேன். ம்ஹூம். மதினி அந்த ஆளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். கோபமாகக்கூட இல்லை, சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்த ஆள்தான் முனகிக்கொண்டே கத்தியை எடுத்தார். சந்தனம் தடவி முடித்த அந்த நிமிஷமே மதினி பர்ஸைத் திறந்தார். அவர் கேட்க நினைத்ததைப்போல மூன்று மடங்கு இருக்கும். அந்த ஆள் எழுந்து நின்றுவிட்டார். "இம்புட்டு குடுக்கப்போறம்னு அப்பவே சொல்லிருக்கலாம்ல தாயி" என்றார். "சொன்னா நீங்க தலையவா பாத்திருப்பீக?" என்று கேட்டுவிட்டு மதினி பொங்கல் பானையைப் பார்க்கப் போய்விட்டார்.

இன்னொரு தடவை குற்றாலம் போயிருந்தோம். லாட்ஜில் பையைத் தூக்கி வந்தவரை ரூம்பாய் என்றுதான் கூப்பிட்டார்கள், ஆளுக்கு ஐம்பது வயதிருக்கும். அறைக்குள் நுழைந்ததுமே அண்ணன் வழக்கம்போல ஒரு நோட்டை மடித்து அவர் கையில் அழுத்திவிட்டார். மதினி பார்த்துவிட்டார். "அண்ணாச்சி, அந்தக் காச இங்கன குடுங்க. நாங்க கெளம்புற அன்னைக்கு வாங்கிக்கோங்க" என்று கையை நீட்டினார். கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கிற பொம்பளையை அந்த மனிதர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். திருதிருவென்று விழித்துவிட்டுக் கொடுத்தார். அண்ணன் அவமானத்தில் குளிக்கப் போய்விட்டார்.

கதை அதோடு முடியவில்லை. நாங்கள் கிளம்புகிற அன்று காலையில் அந்த ஆள் டியூட்டியில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வருவாராம். கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றோம். "கவுண்டர்ல இருக்கவனா நம்ம பையத் தூக்குனான்?" என்று மதினி படியில் உட்கார்ந்துவிட்டார். பஸ் போனது. பிள்ளைகளுக்குப் பசி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த மனிதர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, எங்கள் எல்லோரையும் பைகளோடு படியில் பார்த்ததும் பயந்தே போனார். மதினி எழுந்து அண்ணன் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு கொடுத்தார். "இதுக்காகவா உக்காந்திருந்தீக?" என்று கேட்டார் அவர். "பின்ன, சொன்னம்ல" என்றார் மதினி. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தோம்.

கொடுப்பதில் அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. அதை நான் புரிந்துகொண்டது மதினி கார் ஓட்டப் படித்தபோதுதான். அண்ணனுக்குக் கண் பார்வை மங்கியதால், பார்ட்டிகளைப் பார்க்கப் போகத் தானே ஓட்டலாம் என்று நாற்பத்தைந்து வயதுக்கு மேல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். சொல்லிக் கொடுக்கிற மாஸ்டரை, கூடப் படித்த பெண்கள் முதல் வாரத்திலேயே காசு கொடுத்துக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கவனித்தவர்களுக்கு ஒரு சுற்று கூடுதல். மதினிக்கு நேர் ரோடு மட்டும்தான். அதிலேயே ஓட்டி லைசென்ஸும் வாங்கிவிட்டார். அன்றைக்கு மாஸ்டர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். "என்னக்கா, லைசென்ஸ் வந்துருச்சு. மாஸ்டரக் கவனிக்கலையே?"

"லைசென்ஸ் சர்க்கார் குடுத்தது. எனக்கு இன்னும் ரிவர்ஸ் எடுக்க வரலையே மாஸ்டர்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் வந்தார். அண்ணன் வீட்டுத் தெரு ஒரு மாட்டுவண்டி போனால் அடைத்துக்கொள்ளும். அந்தத் தெருவில் பின்னாலேயே வந்து கேட்டுக்குள் வண்டியை விடுகிற வரைக்கும் சொல்லிக் கொடுத்தார். முதல் இரண்டு நாள் கடனே என்று சொல்லிக் கொடுத்தார். பிறகு அவருக்கே வீம்பு வந்துவிட்டது. மதினி எங்கும் உரசாமல் வண்டியை உள்ளே விட்ட அன்றைக்கு மாஸ்டர் தெருவில் நின்று கை தட்டினார். அன்றைக்கு அவருக்குத் தட்டில் வைத்து வேட்டி, துண்டு, பழம், பணம், மேலே ஒரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸ். வீடு கட்டிய கொத்தனாருக்குச் செய்கிற மரியாதை அது.

கொஞ்ச நாள் கழித்து மழையில் வண்டி மக்கர் பண்ணியது. மாஸ்டருக்குப் போன் போட்டுக் கேளுங்களேன் என்றேன்.

"அவருக்குக் குடுத்தாச்சு டீச்சர்" என்றார் மதினி. என்னைக் கேலிக்கு டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே பேராகிவிட்டது. "குடுத்த பெறகு கூப்புடக் கூடாது. குடுத்துட்டா முடிஞ்சதுன்னு அர்த்தம். முடிஞ்சதுன்னு நாமளே சொல்லிட்டு நாமளே கூப்புட்டா நல்லாவா இருக்கு?"

இதெல்லாம் சிரிக்கிறதுக்கு நன்றாக இருந்தது, அண்ணனுக்கு முடியாமல் போகிற வரைக்கும்.

சீசன் உச்சத்தில் ஒருநாள் காலை, யூனிட்டில் லோடு ஏறிக்கொண்டிருக்கும்போது அண்ணனுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. மதுரையில் ஆஸ்பத்திரி. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். பேச்சு போய்விட்டது. 'பாப்பா', 'தண்ணி', 'குடு', 'வேண்டாம்' என்று நாலைந்து வார்த்தை மட்டும் மிச்சம். பாப்பா என்றால் நான்தான். நரைத்த பிறகும் அவருக்கு நான் பாப்பாதான்.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு பயிற்சி கொடுக்கச் சாத்தூரிலிருந்து ஜெபராஜ் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் தினமும் பைக்கில் வந்தார். முப்பது வயது இருக்கும். வந்ததும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் அண்ணன் காலைத் தொடுவார். "அண்ணாச்சி, எங்கன, என்னய ஒரு எத்து எத்துங்க பாப்போம்" என்று சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். மதினிக்கு அவர் வாத்தியார். "நடக்கச் சொல்லிக் குடுக்கவரு வாத்தியாருதான?" என்பார். மாதச் சம்பளம் முதல் தேதியில் போய்விடும். ஆனால் அதற்கு மேல் ஒரு டீக்காசு, ஒரு பழம், ஒன்றும் கிடையாது.

தீபாவளி வந்தது. எங்கள் பக்கம் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து போகிற எல்லோருக்கும் பட்டாசுப் பெட்டிதான். பால்காரர், சிலிண்டர்காரர், தெருக் கூட்டுகிற அம்மா எல்லோரும் வாங்கிக்கொண்டு போனார்கள். பெட்டிகள் ஹாலில் அடுக்கி இருக்க, ஜெபராஜ் தினமும் அதைத் தாண்டித்தான் அண்ணன் அறைக்குப் போய் வந்தார். ஒரு பெட்டி அவர் கைக்குப் போகவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"மதினி, அவர் கிறிஸ்தவர்னு குடுக்கலையா? கிறிஸ்மஸுக்காச்சும் குடுப்பீகளா?"

"அதெல்லாம் இல்ல. ஒங்க அண்ணன் நடந்து அந்தக் கேட்டு வரைக்கும் வரட்டும். வந்து அவுக கையாலயே வாத்தியாருக்குக் குடுக்கட்டும்."

"அதுக்கு எம்புட்டு நாள் ஆகுமோ? தெருவுல என்ன பேசுதாக தெரியுமா? புருசன் படுத்ததும் கை சுருங்கிப்போச்சுங்காக."

"பேசட்டும்" என்றார். அண்ணனின் வேட்டியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஜெபராஜ் கிளம்பும்போது கேட் வரைக்கும் போய் ஒரு கவரைக் கொடுத்தேன். "அக்காவுக்குத் தெரியுமா டீச்சர்?" என்று கேட்டார். "இது என் கையிலருந்து" என்றேன். தயங்கி வாங்கிக்கொண்டார். போகும்போது கைகூப்பினார்.

அண்ணன் கட்டில் ஜன்னலோரம் இருந்தது என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. நான் உள்ளே வந்தால் அண்ணன் இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்துக்கொண்டு அழுகிறார். வாயில் 'வேண்டாம், வேண்டாம்' என்று அந்த ஒரு வார்த்தைதான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கஞ்சி கொண்டுபோனால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். சாயங்காலம் கையை மடக்கிப் பிடிக்கிற பயிற்சிக்கும் வரவில்லை. மதினி துருவித் துருவிக் கேட்டபோது, கவர் கொடுத்ததைச் சொன்னேன்.

மதினி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "நீங்க டீச்சர்ல? பரீட்சை எழுதுறதுக்கு முந்தியே ஒரு புள்ளைக்கு டி.சி. கிழிச்சுக் குடுப்பீகளா?" என்று கேட்டார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் சம்பளத்துக்கு மேல் காசு கைமாறினால் அந்த வேலை முடிந்தது. அண்ணன் இத்தனை வருஷம் அதைக் கேலி பண்ணிக்கொண்டே அதற்குள்தான் வாழ்ந்திருக்கிறார். வாத்தியாரை அனுப்பிவிட்டோம், இனி நாம் நடக்கவே போவதில்லை என்று நினைத்துவிட்டார். மதினி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அது கிறிஸ்மஸ் காசுங்க. ஒங்க தங்கச்சி ஒரு கிறுக்கு. நான் இன்னும் குடுக்கல, கேட்டுக்கோங்க. நான் குடுக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் காலை பைக் சத்தம் கேட்ட பிறகுதான் அண்ணன் சாப்பிட்டார் என்று போனில் சொன்னார்கள்.

பொங்கலுக்குள் அண்ணன் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். வாக்கரைப் பிடித்துக் கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் வந்துவிட்டார். மதினி எனக்குப் போன் பண்ணி, "ஒங்க அண்ணன் கதவத் தொட்டுட்டாக" என்றபோது குரல் சின்னப்பிள்ளை குரலாக இருந்தது. கதவிலிருந்து கேட்டுக்கு எவ்வளவு தூரம்? எழுந்து ஓடினால் ஒரு மூச்சு. நாங்கள் எல்லோரும் கேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அதற்கப்புறம் அதே வாதம் இரண்டாவது தடவை வந்தது. சின்னதாகத்தான் வந்தது, ஆனால் கிடைத்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நிற்கக்கூட முடியவில்லை. ஜெபராஜ் வந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் 'எத்துங்க அண்ணாச்சி' என்று சொல்வதை எப்போது விட்டார் என்று தெரியவில்லை. காலை மடக்குவார், நீட்டுவார், கிளம்பிவிடுவார். மதினி வாசலில் நின்று, "எப்பிடி இருக்கு சார்?" என்று கேட்பார். "பாப்போம்க்கா" என்பார். வாரக்கணக்கில் அந்த 'பாப்போம்'தான். மதினிக்கு இடுப்பு விட்டுப்போய்விட்டது. அண்ணனைத் தூக்கி உட்காரவைத்து, திருப்பிப் போட்டு, ராத்திரி எழுந்து எழுந்து பார்த்து, முகம் கறுத்துப்போனது. எனக்கே அந்த வீட்டுக்குப் போக ஞாயிற்றுக்கிழமை காலையில் கால் வராது. போய்விட்டு வந்தால் அந்த வாரம் முழுவதும் உடம்பு அசந்து கிடக்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பங்குனி வெயில். ஜெபராஜ் காலை நீட்டிக்கொண்டிருந்தார். மதினி கால்மாட்டில், நான் கதவோரம். அண்ணன் இடது கையால் ஜெபராஜின் கையைத் தட்டி நிறுத்தினார். பிறகு மதினியைப் பார்த்தார். இடது கையைத் தன் சட்டைப்பைக்குக் கொண்டுபோனார். அதில் ஒன்றும் இல்லை. அதைத் தொட்டுக் காட்டி, ஜெபராஜைக் காட்டினார்.

"குடு" என்றார்.

மதினிக்குப் புரிந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் மதினி, "என்னத்தக் குடுக்க? தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

"குடு."

"இன்னும் முடியலைங்க. முடிஞ்ச பெறகுதான. ஒங்களுக்குத் தெரியாதா?"

அண்ணன் தலையை மெல்ல ஆட்டினார். அழவில்லை. அலுத்துப்போயிருந்தார். அந்த முகத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "குடு" என்றார் மறுபடியும், கெஞ்சுகிற மாதிரி.

மதினி ஜெபராஜ் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. முடிஞ்சதா?"

ஜெபராஜ் அண்ணன் காலைத் தன் மடியில் வைத்தபடி குனிந்திருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

மதினி உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்க்கலாமா என்று நினைக்கும்போது தட்டோடு வந்தார். வேட்டி, சட்டைத் துணி, ஒரு கவர், போன தீபாவளிப் பட்டாசுப் பெட்டி ஒன்று. எல்லாம் எப்போதோ வாங்கி பீரோவில் வைத்தது. பெட்டியின் மேல் முந்தானையால் துடைத்த ஈரம் தெரிந்தது. தட்டை அண்ணன் மடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அவர் இடது கையை எடுத்து அதன்மேல் வைத்தார். "ஒங்க கையாலயே குடுங்க" என்றார்.

"அக்கா, நான் வாரேன்க்கா. காசு வேண்டாம், சும்மா வந்துட்டுப் போறேன்" என்றார் ஜெபராஜ்.

"வேண்டாம் சார். நடக்கப் போற ஆளு வேற வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாக. அங்கன போங்க. நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீக."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அண்ணனின் வலது கையை எடுத்து ஒரு நிமிஷம் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பைக் சத்தம் தெருமுனை திரும்புகிற வரைக்கும் மதினி கேட்டில் நின்றார். நான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அண்ணன்தான் என் தலையைத் தடவிக்கொடுத்தார். "பாப்பா" என்றார்.

அன்றைக்கு எனக்கு விருதுநகருக்குப் பஸ் ஏற மனசில்லை. திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு அங்கேயே படுத்துவிட்டேன்.

காலையில் ஜெபராஜ் வருகிற நேரம். பைக் சத்தம் இல்லாதது காதுக்கு உறுத்தலாக இருந்தது. அண்ணன் அறையில் ஏதோ அரவம் கேட்டுப் போனேன். மதினி கட்டிலில் கால்மாட்டில் உட்கார்ந்து, அண்ணனின் வலது காலைத் தன் மடியில் எடுத்துப் போட்டு, ஜெபராஜ் செய்கிற மாதிரியே மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். இடுப்பு வலியில் பல்லைக் கடித்திருந்தார். அண்ணன் இடது கையால் அவரைத் தள்ளப் பார்த்தார். "வேண்டாம்."

எனக்கு எங்கிருந்தோ எரிச்சல் வந்தது. "விடுங்க மதினி. முடிஞ்சதுன்னு நேத்துதான குடுத்து அனுப்புனீக? இன்னும் எதுக்கு ரெண்டு பேரும் இந்தப் பாடு படுதீக?"

"வாத்தியாருக்குத்தான் குடுத்தோம்" என்றார் மதினி. காலை மறுபடியும் மடக்கினார். "எனக்கு இன்னும் யாரும் குடுக்கலையே டீச்சர்."

அண்ணன் தள்ளுவதை நிறுத்திவிட்டார். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் அவர் முழங்காலுக்கு அடியில் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். கால் நல்ல கனம்.